பர்வின் விட்டுக்கொடுத்த பெயர்

எனக்குப் பொறுமை கிடையாது. என் கணவர் பிலேந்திரனிடம் கேட்டால் இதை இன்னும் விளக்கமாகச் சொல்வார். ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் நாங்கள் சுவரொட்டி அச்சடிக்கும் சின்னக் கடை வைத்திருந்தோம். 2006இல் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு ஈரானிய ஆசிரியர்கள் வந்தார்கள். பர்வின் என்ற அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். ஹூஷங் பத்து வயது இளையவர். ஒஸ்லோவில் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்களுக்குத் தங்கள் மொழியைக் கற்பிக்கப் போகிறார்களாம். ஆங்கிலத்தில் நாற்பது சுவரொட்டி வேண்டும். மொழியின் பெயரைத் தவிர எல்லாம் தயார்.

“பெர்சியன்” என்றார் பர்வின்.

“ஃபார்ஸி” என்றார் ஹூஷங்.

பாரசீக மொழிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், அவர்கள் வாயில் ஒரு பெயர். அவ்வளவுதான், தொடங்கிவிட்டது. நோர்வேஜிய மொழியில், எனக்கும் விளங்க வேண்டுமென்று.

“ஜெர்மன்காரர் ஆங்கிலம் பேசும்போது தங்கள் மொழியை, ஊரில் சொல்வதுபோல, டொய்ச் என்றா சொல்கிறார்கள்?” என்று பர்வின் கேட்டார். “ஆங்கிலத்தில் எங்களுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. ஃபார்ஸி என்றால் நேற்று முளைத்த மொழி என்று நினைப்பார்கள். பெர்சியன் என்றால் ஆயிரம் வருடக் கவிதையும் கூடவே வரும்.”

“பெர்சியன் பூனையும் பெர்சியன் கம்பளமும்தான் கூடவே வரும். இப்போது எல்லோரும் சொல்வது ஃபார்ஸி” என்றார் ஹூஷங்.

ஒரு மணித்தியாலம் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது கடையோ, பட்டிமன்றமோ?” என்று பிலேந்திரனிடம் தமிழில் பொரிந்தேன்.

“சும்மா இரும். அவை கதைக்கட்டும்.”

அப்போது பர்வின் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். “உங்கள் விருப்பப்படியே ஆகட்டும், ஹூஷங். ஃபார்ஸி.”

அப்பாடா என்று பெயரைப் போட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டேன். இயந்திரம் ஓடத் தொடங்கியது. பர்வினுடைய முகம் சுருங்கிப்போனது. ஹூஷங் எதையோ சொல்ல வந்து, கையைப் பாதி தூக்கியபடி நின்றார்.

எனக்குச் சுரீர் என்றது. கலியாண வீட்டில் “போதும், போதும்” என்று கையால் இலையை மறைப்போமே, அதை நம்பி யாராவது பாயசத்தைத் திருப்பிக்கொண்டு போவார்களா? இயந்திரத்தை நிறுத்தினேன்.

“உங்களுக்குச் சம்மதமா, பர்வின்?”

“சம்மதம்.”

“உண்மையாகவா?”

“உண்மையாக.”

“மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பெர்சியன். அங்கே இருபது வருடம் அதைத்தான் படிப்பித்தேன். வேலை போய்விட்டது, வீடு போய்விட்டது. பெயராவது முழுசாக இருக்கட்டும்.”



ஹூஷங் கையை இறக்கினார். “அவர் விட்டுக்கொடுத்தால், நான் மறுத்து அவருக்கே விட்டுக்கொடுக்க வேண்டும். அதுதான் எங்கள் முறை. அதற்குள் நீங்கள் அடிக்கத் தொடங்கிவிட்டீர்களே!”

“ஐயோ, இல்லை, ஃபார்ஸியே இருக்கட்டும்” என்று பர்வின் மறுபடியும் தொடங்க, பிலேந்திரன் பாய்ந்து வந்தார்.

“கெதியா அடியுமப்பா! இவை திரும்பவும் மரியாதை காட்ட முதல் அடியும்!”

பெயரை மாற்றி அடித்தேன். முதல் தாள் வெளியே வந்ததும், மை காயட்டும் என்று நான் சொல்வதற்குள் பர்வின் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்பு எழுத்து, இடம் வலமாகத் திரும்பி. துடைக்கத் துணி கொடுத்தேன். வேண்டாம் என்றார். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றுவிட்டு, அந்தச் சட்டையோடேயே சுரங்க ரயில் ஏறிப் போனார்.