ஈர மண்ணில் தூக்கிய வண்டி

பொகவந்தலாவைக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் கிஷாந்த் சாமான் ஏற்றும் தன் பழைய கெப் வண்டியை நிறுத்தியிருந்தான். தோட்டத்து ரோட்டுக் குழிகளில் விழுந்து விழுந்து அதன் முன்பக்கம் நாலு விரற்கடை தாழ்ந்துபோயிருந்தது. வளைவுகளில் அடிப்பாகம் கல்லில் உரசியது.

"மஃறூப் நானா திங்கக்கிழம கராஜுக்கு வரச் சொன்னாருல்ல?" என்றாள் அவன் மனைவி ஜெயந்தினி.

"அடியில ஒரு போல்ட்ட முறுக்குனா வண்டி மூக்கு தானா தூக்கிக்கும். அதுக்குப் போயி திங்கக்கிழம வரைக்கும் காத்துக் கெடக்கணுமா?"

பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஜெக்கு வைத்து வண்டியைத் தூக்கினான். இடப்பக்க முன்சக்கரத்துச் சில்லைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாக்கை விரித்து அடியில் புகுந்தான். இரண்டு நாள் மழையில் மண் ஊறிப் போயிருந்தது. ஜெயந்தினி ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தபடி குந்தியிருந்தாள்.

பலகையின் ஓரத்தில் சேற்றுத் தண்ணீர் கசிவதைத்தான் முதலில் கண்டாள். பிறகு ஜெக்கைப் பார்த்தாள். நேராக நின்றது இப்போது சற்றே சாய்ந்திருந்தது. கிஷாந்த் ஸ்பேனரை இழுக்கும்போதெல்லாம் வண்டி மெல்ல அதிர்ந்தது.

கத்தினால் அவன் திடுக்கிட்டு எழும்புவான். மறுபக்கம் ஊர்ந்து போக நேரமில்லை; புகுந்த வழியோ ஜெக்கை ஒட்டித்தான் இருந்தது. தோள் பட்டாலே போதும்.

"என்னாங்க, கைய எடுத்துருங்க. அசையாதீங்க."

"இன்னும் ரெண்டு சுத்துதான்."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அடியில் சத்தம் நின்றது. கழற்றிப் போட்ட சில்லை அவள் இழுத்துவந்தாள். அது வழுக்கியது. படுக்கவைத்து, தன் இரண்டு கைகளும் வண்டிக்கடியில் போகும்வரை உள்ளே தள்ளினாள். கையை வெளியே இழுத்த மறுகணம் ஜெக்கு சரிந்தது.

வண்டி சில்லின் மேல் இறங்கியது. இரும்பு கிறீச்சிட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னாங்க?"

குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டாள். இருமல் சத்தம் கேட்டது.

"இருக்கேன் புள்ள... நெஞ்சுக்கு மேல ஒரு சாண்தான் இருக்கு."

மறுபக்கமாக அவன் ஊர்ந்து வெளியே வந்தபோது காதோரம் இரத்தம் வடிந்தது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். ஜெயந்தினி அவன் தோளில் ஓங்கி இரண்டு அடி வைத்தாள். பிறகுதான் அழுகை வந்தது.

திங்கட்கிழமை மஃறூப் நானா சிமெந்துத் தரையில் வண்டியைத் தூக்கி, இரும்புத் தாங்கிகள் இரண்டை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அடியில் போனார். இரண்டு பக்கமும் போல்ட்டை முறுக்கி அளந்து பார்த்தார். ஒரு மணி நேரத்தில் முன்பக்கம் நிமிர்ந்துவிட்டது.

"மட்டமா நிக்குது, வந்து பாரு!" என்று கிஷாந்த் கூப்பிட்டான்.

ஜெயந்தினி கராஜ் வாசலில் தெருவைப் பார்த்தபடியே நின்றாள்.

"நானா அடியிலேருந்து வந்துட்டாரா, அத மொதல்ல சொல்லுங்க."