திருகாணிகள் கழன்ற பிறகு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் திருகாணி என்று பெயர். பின்னே, ஏழு வருஷமாக ஒருத்தி நாலு திருகாணிகளை இறுக்குவதும் தளர்த்துவதுமாகவே காலம் தள்ளினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

கைக்கு அடக்கமான எஃகு உருளை. உள்ளே இரண்டு வைரங்கள். அவற்றின் முனைகளுக்கு நடுவே மணலைவிடச் சிறிய கண்ணாடித் துணுக்கு. உருளையின் நாலு திருகாணிகளையும் இறுக்கினால் கண்ணாடியின் அணுக்கள் நெருங்கும். நாலு ஆக்சிஜனோடு கைகோத்து நின்ற சிலிக்கான், ஆறோடு கோத்துக்கொள்ளும். விட்டால் மறுபடி நாலுக்கே வந்துவிடும். அவள் வார்த்த கண்ணாடி மட்டும் விட்ட பிறகும் ஆறிலேயே நின்றது. அதுதான் அவளுடைய முனைவர் பட்டம். நாளைக்கு வாய்மொழித் தேர்வு.

காட்டுவதற்குப் புதுப் படம் ஒன்று வேண்டும் என்று கைடு கேட்டிருந்தார். ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து நாலு திருகாணிகளையும் கழற்றிவிட்டுக் கருவியில் பார்த்தாள். ஆறுதான். அப்பாடா என்றிருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடந்த ரூபித் துகள்மேல் லேசரை அடித்தாள். அழுத்தம் எவ்வளவு என்று அதன் சிவப்பு ஒளிதான் சொல்லும். அழுத்தமே இல்லையென்றால் அந்த ஒளியின் அலைநீளம் 694 நானோமீட்டர். திரையில் 698.

திருகாணிகள் மேசைமேல் கிடக்கின்றன. உருளையின் இரண்டு பாதிகளோ ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு இன்னும் நசுக்கிக்கொண்டிருந்தன. மரச்சுத்தியலால் தட்டினாள். டக்கென்று விட்டது. 694. கண்ணாடி ஒன்றும் அறியாத பிள்ளைபோல நாலுக்கு வந்து நின்றது.

பழைய நோட்டைப் புரட்டினாள். ஏழு சோதனை. ஏழிலும் 'தளர்த்திய பின் ரூபி' என்ற கட்டம் காலி. தன் மண்டையில் தானே ஓங்கிக் குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் கூப்பிட, கைடு வந்து நடந்ததை எல்லாம் கேட்டார். கோபப்படவில்லை. கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"அப்போ மறுபடி இறுக்கும்மா. படத்த எடு. தளர்த்தின பிறகு எடுத்ததுன்னு போட்டுக்கோ. என் பேரும் அதுல இருக்கு."

அந்த நேரம் பார்த்துக் கணவன் போனில் வந்தான். இவள் படிப்புக்காக இரண்டு வேலை பார்க்கிறவன்.

"நாளையோட முடிஞ்சிரும்ல?"

"ம்," என்றாள். கைடு நகராமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

இறுக்கினாள். படம் எடுத்தாள். "பிரமாதம்," என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினார்.

அவர் வண்டி போகும் சத்தம் கேட்ட பிறகு, ரூபியை மறுபடி அளந்து, படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'ரூபி 698.' தேர்வாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். கைடை எதிர்த்து அவளாக வாய் திறக்க முடியாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியாது.