திரையில் வராத வணக்கம்

திரை கறுப்பாகவே இருந்தது.

நவமணி மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் டிஸ்க் சுற்றியது. 'கர்ர்... கர்ர்...' என்று எதையோ சுரண்டியது. பிறகு நின்றது. ஓர் எழுத்துகூட வரவில்லை.

"வரும்லா, வரும்! கம்ப்யூட்டர்ல தமிழ் வரும். எங்க தாத்தாவும் திரும்பி வருவாரு!" என்றார் உடையப்பன். அவர் விழாவுக்கு அழைத்திருந்த முன்வரிசைப் பிரமுகர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

1985, விஜயதசமிக் காலை. ஈப்போ லகாட் சாலையில், மதார் சாகிப்பின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், உடையப்பனின் கம்ப்யூட்டர் வகுப்பு. இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவர், தைவான் பெட்டிகள் இரண்டை வாங்கிப் போட்டு வகுப்பு ஆரம்பித்திருந்தார். முதல் செட்டில் படித்த நவமணியை அங்கேயே உதவி ஆசிரியையாகவும் வைத்துக்கொண்டார். நேற்று சரஸ்வதி பூஜை. அவர் கையாலேயே அத்தனை பொருளுக்கும் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். ஏர்கண்டிஷனருக்குக்கூட நெற்றி நிறையப் பொட்டு.

கடைசி பெஞ்சில் செல்லாயியும் அவளுடைய தோழிகளும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண்கள். தோட்டம் கைமாறி மரங்களை வெட்டிவிட்டார்கள். இப்போது ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை. போன மாதம் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று வந்தவர்களை உடையப்பன் மாடிப்படியிலேயே மடக்கினார்.

"இங்கிலீஷ் தெரியாத புள்ளைங்களுக்கு இது எதுக்கு? கீழ போயி மீ கோரெங் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

நவமணிக்குச் சுருக்கென்றது. அவளும் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள்.

"தமிழ்லயே சொல்லிக் குடுத்தா என்னண்ணே?"

"கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியுமா?"

"நான் தெரிய வைக்கிறேன்."

எல்லோர் முன்னிலையிலும் உடையப்பன் கையை நீட்டினார். "விஜயதசமிக்குக் காட்டு. திரையில தமிழ் வந்தா ஞாயித்துக்கிழமை இவங்களுக்கு வகுப்பு. வரலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

நவமணி அந்தக் கையில் அடித்துப் பந்தயத்தை ஏற்றுக்கொண்டாள். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தாள். எந்தப் பொத்தானுக்கு எந்த எழுத்து என்று அதே தாளில் குறித்துக்கொண்டு, புரோகிராம் எழுதி டிஸ்கில் ஏற்றினாள். நேற்று பூஜைக்கு முன்னால் இதே பெட்டியில், இதே திரையில், 'வணக்கம்' பச்சையாக மின்னியது. அவள் கண்ணால் பார்த்தாள்.

இன்று இல்லை. ஏன்?

திரையின் வெளிச்சக் குமிழைத் திருகினாள். வெளிச்சம் கூடியது, எழுத்து வரவில்லை. பின்பக்கக் கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகினாள். அதுவும் இல்லை. புரோகிராமில் தப்பா? நேற்று ஓடிய புரோகிராம் இன்று எப்படித் தப்பாகும்?

யாரோ கை வைத்திருக்கிறார்கள்!

அவள் பார்வை இன்னோர் ஆசிரியரான ஐயாவு மேல் போய் நின்றது. சற்று முன்பு இதே பெட்டியில் அவர் ஒரு விளையாட்டை ஓட்டிக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருந்தார். இப்போது வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயாவு அண்ணே, உங்க டிஸ்க குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கண்ணே."

அதைப் போட்டாள். கர்ர்... கர்ர்... விளையாட்டும் வரவில்லை.

"ஐயையோ!" உடையப்பன் எழுந்தே விட்டார். "மெஷினையே கெடுத்துட்டியே! ஹாபிஸ்லா, எல்லாம் முடிஞ்சது! ஐயா, நீங்கள்லாம் வாங்க, சாப்பாடு ஆறிடும். கீழ மதார் சாகிப் கடையில பிரியாணி சொல்லியிருக்கு."

பிரமுகர்கள் இறங்கிப் போனார்கள். உடையப்பன் மெஷின் பக்கத்திலேயே நின்றார். தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்க மேலே வந்த மதார் சாகிப்பும் வேடிக்கை பார்த்தபடி நின்றார். கடைசி பெஞ்சு எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு மெஷின்ல போட்டுப் பாரேன்" என்றார் ஐயாவு.

நவமணி தன் டிஸ்கை உருவி அடுத்த பெட்டியின் வாய்க்குக் கொண்டுபோனாள். சட்டென்று நிறுத்தினாள்.

ஐயாவு டிஸ்க் முதலில் ஓடியது. நடுவில் அவள் டிஸ்க் போனது. அதற்குப் பிறகு ஐயாவு டிஸ்கும் ஓடவில்லை. அப்படியென்றால் அவள் டிஸ்க்தான் பெட்டிக்குள் எதையோ விட்டுவிட்டு வந்திருக்கிறது!

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. நேத்து உங்க டிஸ்க எங்க வச்சீங்க?"

ஐயாவு தலையைச் சொறிந்தார். "திட்டாத. பூஜைக்கு வைக்க மறந்துட்டேன். மோட்டார் சைக்கிள் பெட்டியிலயே கெடந்துச்சு."

அதற்குத்தான் இந்த வியர்வை.

நவமணி தன் டிஸ்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்புச் சதுர உறை. அதற்குள் மெல்லிய வட்டத் தகடு. உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு. அந்தத் திறப்பு வழியாகத்தான் பெட்டியின் முனை தகட்டைத் தொட்டுப் படிக்கும். சரியாக அந்தத் திறப்புக்கு நடுவில், தகட்டின் மேலேயே, சிவப்பும் மஞ்சளுமாக வளைந்து வளைந்து ஒரு தீற்றல். முகர்ந்தாள்.

சந்தன வாசனை.

உடையப்பன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நேத்து இதுக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நான்தான். ஏன்?"

"கதவு மாதிரி தெறந்திருக்கிற இடத்துல வச்சிருக்கீங்க. உங்க சந்தனம்தான் உள்ள போயி முனையில அப்பியிருக்கு. இன்னொரு காப்பி இருந்துச்சு, அதுக்கும் விடாம வச்சிருக்கீங்க!"

உடையப்பன் முகம் கறுத்தது. "சாமி பொட்டு எங்கம்மா கெடுக்கும்? ஒனக்கு வரலைன்னா சாமி மேல பழி போடுவியா?"

"சாமி மேல இல்லண்ணே. வச்ச விரல் மேல."

மதார் சாகிப்புக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோப்பைகள் கலகலத்தன.

நவமணி மேசை இழுப்பறையைத் திறந்து பிளேடை எடுத்தாள்.

"என்ன செய்யப் போற?"

"உறைய வெட்டி, தகட்ட எடுத்துக் கழுவப் போறேன்."

"கழுவுறதா? தண்ணியிலயா?" ஐயாவு அலறினார்.

அவளுக்கே நிச்சயமில்லை. எந்தப் புத்தகத்திலும் அவள் இதைப் படித்ததில்லை. ஆனால் ஒரு முறை அப்பா மாயாண்டியின் பாட்டுக் கேசட் லயத்துச் சாக்கடையில் விழுந்தது. அம்மா அதன் நாடாவை உருவிக் குழாயில் அலசி, துணிக்கொடியில் காயப் போட்டாள். சாயங்காலம் அது பாடியது. கொஞ்சம் கரகரப்பாக, ஆனாலும் பாடியது. இந்தத் தகடும் அதே மாதிரிப் பழுப்பாகத்தானே இருக்கிறது!

உடையப்பன் குரலை உயர்த்தினார். "பூஜையில வச்ச பொருள வெட்டுவியா? அதுவும் இன்னைக்கு? வெட்டினா நாளையிலருந்து இங்க வராத, சொல்லிட்டேன்!"

செல்லாயி பெஞ்சிலிருந்து பாதி எழுந்தாள். "விடுங்கக்கா. எங்களுக்காக வேலைய விடாதீங்க."

"நீ உக்காரு" என்றாள் நவமணி.

பிளேடு உறையின் ஓரத்தில் இறங்கியது. சர்ரக்!

வட்டத் தகடு கையில் வந்து விழுந்தது. அப்பளம்போல வளைந்தது. மதார் சாகிப் கோப்பைகளை வைத்துவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கூஜாவும், பம்பு விளக்குக்கு ஊற்றும் ஸ்பிரிட் ஒரு புட்டியும் கீழேயிருந்து கொண்டுவந்தார்.

"கீழ தவுக்கே மொதலாளி மாதிரி உக்காந்து வயிறு முட்டத் திங்கிறாங்கம்மா. ஒருத்தர் மூணாவது தட்டு. நீ பதறாமக் கழுவு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா சொல்லு, சீயக்காய் கொண்டாறேன்."

"யோவ் சாகிப், நீங்க வேற!" என்று சீறினார் உடையப்பன். ஆனால் அவரும் ஓர் அடி கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

நவமணி தகட்டின் விளிம்பை மட்டும் பிடித்துத் தண்ணீரைச் சாய்த்தாள். மஞ்சள் கரைந்து ஓடியது. சிவப்பு அடம்பிடித்தது. விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் நீவினாள். அழுத்தினால் எழுத்து போய்விடும். அழுத்தாவிட்டால் குங்குமம் போகாது. நெற்றி வியர்வை தகட்டில் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

செல்லாயி தன் புதுக் கைக்குட்டையை நீட்டினாள். ஒற்றி எடுத்து ஏர்கண்டிஷனர் காற்றில் காட்டினார்கள். இதற்குள் ஐயாவு பெட்டியின் மூடியைத் திருகாணி கழற்றித் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு முனையைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாகத் திரும்பி வந்தது. அவர் அதைச் சத்தம் போடாமல் உடையப்பன் முன்னால் மேசையில் வைத்தார்.

"புது உறைக்கு எங்க போறது?" என்றாள் நவமணி.

ஐயாவு தன் விளையாட்டு டிஸ்கை எடுத்துக் கொடுத்தார். "இத வெட்டு."

"அண்ணே, ஆசையா வச்சிருந்தீங்களே."

"வெட்டுன்னா வெட்டு புள்ள. என் மனசு மாறிடப் போகுது."

வெட்டினாள். கழுவிய தகட்டை அந்த உறைக்குள் நுழைத்துப் பெட்டியின் வாய்க்குள் தள்ளினாள். பொத்தானை அழுத்தினாள்.

கர்ர்...

செல்லாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

கர்ர்... டக். டக். டக்.

கறுப்புத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. பிறகு ஒரு கோடு. பிறகு, வரிசையாக, 'வணக்கம்'. நடுவில் ஒரு கீறல் ஓடியது. ஆனால் படிக்க முடிந்தது. பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சத்தமாகப் படித்தார்கள்.

ஐயாவு விசில் அடித்தார். மதார் சாகிப் "மாஷா அல்லாஹ்!" என்றார்.

உடையப்பன் திரையையே பார்த்தார். நாக்கு உதட்டை நனைத்தது.

"வந்துச்சு, சரி. ஆனா பிரமுகருங்க பாக்கலையே. அவங்க முன்னால வந்தாத்தானே கணக்கு? வகுப்பெல்லாம் கெடையாது. நீயும் கெளம்பு."

நவமணி கிளம்பவில்லை. பெட்டிக்கு முன்னால் கிடந்த குஷன் நாற்காலியை இழுத்தாள்.

"செல்லாயி, வா. உக்காரு. உன் பேர அடி."

"அக்கா..."

"வான்னா வா!"

செல்லாயி வந்தாள். தொழிற்சாலைச் சீருடையின் சுருக்கத்தை இழுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். உடையப்பன் கை சுவரிலிருந்த மின்விசைக்குப் போனது.

"எந்திரி! ஆஃப் பண்ணப் போறேன்."

"மாட்டேன்" என்றாள் செல்லாயி. உடம்பு அசையவில்லை. "மாடிப்படியில நிக்க வச்சுத் தொரத்தினீங்க. இன்னைக்கு உள்ள வந்துட்டேன். பேர எழுதாம எந்திரிக்க மாட்டேன்."

"ஆஃப் பண்ணுங்கண்ணே" என்றாள் நவமணி. "விஜயதசமியன்னைக்கு எழுத உக்காந்த புள்ளைய எழுப்பி விட்டவருன்னு கீழ போயி நானே சொல்றேன். பிரமுகருங்க எல்லாம் இன்னும் அங்கதானே இருக்காங்க?"

"நீ எதுக்கும்மா படியிறங்கணும்?" என்றார் மதார் சாகிப், கோப்பைகளை அடுக்கியபடி. "நான் எப்படியும் கீழதானே போறேன்."

உடையப்பன் பூஜைப் படத்தைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். விசையின் மேலிருந்த விரல் மெல்லக் கீழே இறங்கியது.

"ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. லேட்டா வந்தா கதவத் தெறக்க மாட்டேன்" என்று முணுமுணுத்தார்.

"நானும் வரணுமா?" என்றாள் நவமணி.

"பின்ன? தமிழ்ல நானா சொல்லிக் குடுக்க முடியும்?"

செல்லாயி இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. நவமணியின் கட்டம் போட்ட தாளைப் பார்த்துப் பார்த்து, ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவசரமே இல்லை. உடையப்பன் நின்றபடியே காத்திருந்தார். அவருடைய நாற்காலியில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.