இருபத்தொன்று, இருபத்தெட்டு

...இருபத்தெட்டு என்றுதான் போட்டிருக்கிறது, எத்தனை தடவை பார்த்தாலும் இருபத்தெட்டுதான், கருப்புசாமி அண்ணன் கப்பல் போய்ச் சேரும் நாள் கணக்குப் போட்ட பழைய தாளைக் கிழித்துவிட்டு இந்தப் புதுத் தாளை இப்போதுதான் ஒட்டிவிட்டுப் போனார், இந்தப் பனியன் கம்பெனி பேக்கிங்கில் நான் சேர்ந்த நாளிலிருந்து அதே சுவரில் ஹாம்பர்க் இருபத்தொரு நாள் என்றுதான் இருந்தது, பெட்டிக்கு டேப் ஒட்ட நிமிரும்போதெல்லாம் என் கண்ணுக்கு நேராக. அதை நம்பித்தானே கணக்குப் போட்டேன்... பனியன் இங்கிருந்து அங்கே போக இருபத்தொரு நாள் என்றால் கப்பலில் வேலை பார்க்கும் என் கூடப்பிறந்த அண்ணன் அங்கிருந்து இங்கே வரவும் அவ்வளவுதானே, கடலில் மேடு பள்ளமா இருக்கிறது. மே இருபத்தாறாம் தேதி ஹாம்பர்க்கிலிருந்து போன் செய்தான், கப்பல் கிளம்பப் போகிறது, கொழும்பில் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றான், நான் விரல் விட்டு எண்ணி, மதினி, ஜூன் பதினாறு என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

கருப்புசாமி அண்ணன் எங்கள் சூப்பர்வைசர், பக்கத்து மங்கலத்துக்காரர், எதையும் சிரிக்காமல்தான் சொல்வார். "ஏனுங் கண்ணுகளா, வெள்ளிக்கெழமைக்குள்ள அத்தனை பொட்டியும் தூத்துக்குடிக்குப் போயாகோணும், ஒரு வாரம் முன்னாலயே வேணுமாமா" என்றார், எனக்குப் பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த விஜயகுமாரி அக்கா, கப்பலுக்கு என்னாச்சுங்ணா என்று கேட்டதற்கு, "எண்ணெய் கம்மியாக் குடிக்கோணுமாமா, புகை கம்மியா உடோணுமாமா, அதுக்காவ மெதுவாப் போறானாமா, அவன் சாவகாசமாப் போறதுக்கு நாம ஓடோணுமாமா" என்றார். "அதெல்லாமில்லீங்ணா, கப்பலு முழுகாம இருக்குதாட்ட இருக்குதுங், அதான் மெல்ல அடியெடுத்து வெக்குது" என்றாள் அக்கா, மேசை முழுக்கச் சிரிப்பு, நானும் சிரித்திருப்பேன், வேறு ஒரு நாளாக இருந்தால். வீட்டில் ஒன்பது மாத வயிற்றோடு மதினி இருக்கிறாள். பெரிய டாக்டர் பத்தொன்பதாம் தேதி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பதினாறோடு ஏழைக் கூட்டினால் இருபத்திமூன்று... மறுபடி கூட்டினாலும் இருபத்திமூன்று.

அதோடு போனால்கூடப் பரவாயில்லை. போன மாதக் கடைசியில் மதினியின் அம்மா விளாத்திகுளத்திலிருந்து வந்தார்கள், சின்னத்தாய் அத்தை, தலைப்பிள்ளைக்குத் தாய் வீடுதானே, வாடகைக் காரோடு வந்து வாசலில் நின்றார்கள், மதினி பையைக்கூட எடுக்கவில்லை, "அவுக பதினாறாந்தேதி வாராகம்மா, ஒரு தடவை பாத்துட்டு வாரேன்" என்றாள். அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன், பெரிய மனுஷி மாதிரி, ஆமாம் அத்தை, கணக்கு சரிதான் என்று. "பெத்தவ வந்து கூப்பிடுறேன், நீ கப்பலைப் பாத்துக்கிட்டு இருக்க, இனி நீயாக் கூப்பிட்டாலும் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அதே காரில் திரும்பிப் போனார்கள், காபி டம்ளர் அப்படியே இருந்தது. இப்போது டாக்டர், இனிமேல் ஊருக்கெல்லாம் அலையக் கூடாது என்கிறார். அண்ணனும் இல்லை, அத்தையும் இல்லை, பதினேழு வயதில் எனக்கு என்ன தெரியும், ரத்தத்தைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவள்... மதினியைத் தனியாக நிறுத்தினது நான்தானே, ஒரு சுவரில் இருந்த ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டு.

தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் அன்றைக்குப் போனில் சொன்னானே, இப்பல்லாம் இன்ஜின் ரூமில் சத்தம் கம்மி, சூடும் கம்மி, நல்லாத் தூங்குறேன் பாப்பா என்று, எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான், ஏன் கம்மி என்று கேட்கத் தோன்றவில்லை. போன தடவை வந்தபோது மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும், ஒரு வாரத்துக்கு, இருமினால் மதினி எழுந்து உட்கார்ந்துகொள்வாள். வேகத்தில் நாலில் ஒரு பங்கு குறைத்தால் எண்ணெய் பாதிக்குப் பக்கம் மிச்சமாகுமாம், கருப்புசாமி அண்ணன் சொன்னார், என்னால் நம்ப முடியவில்லை, பிறகு மிதிவண்டியை நினைத்துக்கொண்டேன், எதிர்காற்றில் கொஞ்சம் வேகமாக மிதித்தாலே எப்படி மூச்சு வாங்குகிறது. இவ்வளவு எண்ணெய் எரியவில்லை என்றால் அவ்வளவு புகை எங்கேயும் போகவில்லை, வானத்துக்கும் போகவில்லை, அண்ணன் நெஞ்சுக்கும் போகவில்லை. அப்படியானால் நான் என்ன கேட்பேன்... யாராவது என்னைக் கூப்பிட்டு, இந்தா, இந்தக் கைப்பிடியைத் தள்ளு, கப்பல் வேகமாக வரும், பதினாறாம் தேதி வந்துவிடுவான் என்றால் தள்ளுவேனா? மதினிக்காகத் தள்ளுவேன். உடனே, புகைபோக்கியிலிருந்து கறுப்பாக வரும், அண்ணன் அந்தச் சத்தத்துக்குள் நிற்பான், அப்போது? கை அந்தக் கைப்பிடியிலேயே நின்றுவிடுகிறது. டேப் கோணலாக ஒட்டிவிட்டது, விஜயகுமாரி அக்கா அதைப் பிய்த்துவிட்டு நேராக ஒட்டினாள், "ஒடம்புக்கு ஆகலீங்களா கண்ணு" என்றாள், இல்லீங்கக்கா என்றேன், இந்த ஊர்ப் பேச்சு தெற்கேயிருந்து வந்த எனக்கு இப்படி இரண்டு வார்த்தைக்குமேல் வராது.

ஆறு மணிக்கு விட்டார்கள். வீடு இருக்கிற ராயபுரம் வரைக்கும் நடந்தேன், பஸ் வந்தும் ஏறவில்லை, சொல்ல வேண்டியதை ஒவ்வொரு தெருவிளக்குக்கும் ஒரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், மதினி, ஒரு சின்னத் தப்பு, இல்லை, மதினி, கோபப்படாதீக... வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். "என்ன புள்ள, மூஞ்சி இப்படிக் கெடக்கு" என்றாள். எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது, தாள், இருபத்தெட்டு, புகை, பத்தொன்பது, அத்தை, எல்லாம், கடைசியில் அழுகையும். மதினி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இருபத்திமூணுன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

எப்படி?

"உங்கண்ணன் அன்னைக்கே சொன்னாக. நீ போனை என்கிட்டக் குடுத்துட்டு வெளிய போயிட்ட. கப்பல் இப்பப் பைய வருது, ஒரு வாரம் கூடும், நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிரு, நான் அங்க வந்து பாக்கேன்னாக. மெதுவாவே வாங்க, நெஞ்சு நல்லாருக்கட்டும்னு சொன்னேன்."

அன்றைக்கே என்றால், அத்தை கார் எடுத்துக்கொண்டு வருவதற்கு முன்னால். எண்ணிப் பார்த்தேன், நாலு நாள் முன்னால். "அப்ப ஏன் மதினி அத்தைகிட்டப் பதினாறுன்னு சொன்னீக?"

"நீதானே புள்ள சொன்ன" என்று சிரித்தாள், அது சிரிப்பு மாதிரி இருந்தது, ஆனால் கண் கத்தரிக்காயில்தான் இருந்தது. "ஆஸ்பத்திரிக்கு நீ வருவேல்ல? நீ இருந்தாப் போதும்." நான் தலையை ஆட்டினேன். அவள் மறுபடி அரிய ஆரம்பித்தாள், நறுக்கினதைத் தண்ணீரில் போட்டாள், ஒவ்வொன்றாக... அப்படியென்றால் அவள் கப்பலுக்காகக் காத்திருக்கவில்லை. அந்தக் காரில் ஏறாமல் இருக்க அவளுக்கு ஒரு தேதி வேண்டியிருந்திருக்கிறது, நான் ஒன்றைக் கொடுத்தேன். விளாத்திகுளத்தில், அந்த வீட்டுக்குள், என்ன இருக்கிறது? மூன்று வருஷமாக ஒரே பாயில் படுக்கிறோம், அண்ணன் கடலில் இருக்கும் மாதமெல்லாம், அவள் அங்கே எந்த ஜன்னலோரம் படுத்திருந்தாள் என்றுகூட நான் கேட்டதில்லை. இப்போது கேட்கலாமா... அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கத்தரிக்காயை எடுத்துக்கொண்டேன்.