தாங்கி கழுவிய தண்ணீர்

திங்கட்கிழமை காலை கல்லடிப் பாலத்தின் நடுவில் எங்கள் பழைய மொறிஸ் மைனர் கார் மூன்றாவது தடவையாக நின்றது. அம்மா பின்சீற்றில் படுத்திருந்தார். அப்பா பொனற்றைத் திறந்து, பெற்றோல் வடியைக் கழற்றி வாயால் ஊதினார். துருக்குழம்பு அவர் சட்டையில் தெறித்தது. பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. அம்மாவின் சிறுநீரகங்கள் வேலை செய்வதில்லை. நாலு மணித்தியாலம் மெசினில் கழுவ வேண்டிய இரத்தத்தை மூன்று மணித்தியாலம்தான் கழுவினார்கள்.

"வியாழக்கிழமை தப்பக்கூடாது," என்றார் தாதி. "இந்த முறையும் உடம்பில தண்ணி மூண்டு கிலோ கூடித்தான் வந்திருக்கிறா. இப்பிடியே போனா நுரையீரலுக்க தண்ணி நிக்கும். உப்புக் குடுக்கிறீங்களோ?"

"இல்லை," என்றேன். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தேன்.

அம்மாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, சீனி வருத்தம் தின்றுவிட்டது. ஓட்டோவில் ஒருமுறை ஏற்றி, வளைவில் விழுந்து தலை உடைந்தது. வான் பிடிக்க வீட்டில் இனி விற்க ஒன்றுமில்லை. அம்புலன்சுக்குப் போன் பண்ணியபோது, மூச்சு இழுத்தால் மட்டும் கூப்பிடச் சொன்னார்கள். அப்பா முப்பது வருடம் வாடகைக்கு ஹயர் ஓடிய அந்தக் கார்தான் கிழமையில் இரண்டு நாள் அம்மாவின் உயிர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "ஆருக்கும் தெரியாமக் கருவாடு தின்னுறீங்களோ?"

"ஓம் புள்ள. ஒண்டரைக் காலோட குருக்கள்மடம் சந்திக்கு ஓடிப்போய் வாங்கித் திண்டுட்டு வாறன்."

"பகிடி விடாதீங்க. அப்ப ஏன் நிறை ஏறுது?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வீட்டில் உப்புச் சிரட்டையையே நான் ஆறு மாதம் முன்பு தூக்கி வீசியிருந்தேன். இரசாயனத்தில் சிறப்புப் பட்டம் எடுத்தவள், எனக்கா கதை விடுகிறார் என்று எரிச்சலாக இருந்தது.

பின்னேரம் காத்தான்குடியிலிருந்து கபூர் நாநா வந்தார். அப்பாவின் காரைப் பழுது பார்ப்பவர் அவர்தான். டிக்கியின் தளத்திலிருந்து பெற்றோல் தாங்கியைக் கழற்றி ஒருதரம் குலுக்கினார். உள்ளே சரளைக்கல் உருளும் சத்தம்.

"அண்ணே, நீங்க பெற்றோல் ஊத்தி ஓடயில்ல. துரு வளர்த்திரிக்கீங்க."

வழி இரண்டு என்றார். ஒன்று, தாங்கியை விட்டுவிட்டு ஒரு கலனில் பெற்றோல் வைத்து, இறப்பர்க் குழாயால் பம்பிற்கு நேரே கொடுப்பது.

"அவ இருக்கிற காருக்குள்ளயோ? ஒரு பொறி காணும், எரிஞ்சு போக," என்றார் அப்பா. "பைத்தியமா உங்களுக்கு?" என்றேன் நான்.

மற்றது, துருவைக் கரைத்து, கழுவி, காயவைத்து, இனித் துரு பிடிக்காதபடி உள்ளே சீலர் என்ற பூச்சை ஊற்றிப் பூசுவது. சீலர்த் தகரத்தில் நாலு நாள் காயவேண்டும் என்று எழுதியிருந்தது. "இந்த வெயிலுக்கு ரெண்டு நாள் போதும்," என்றார் நாநா. செவ்வாய் பூசினால் வியாழன் ஓடலாம்.

நான் கொடுத்த தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டு, கோப்பையைப் பார்த்தார். "தங்கச்சி, இது தேத்தண்ணியா, மீன் ஆணமா? உப்புக் கரிக்கிது."

"எங்கட வீட்டில உப்பே இல்ல நாநா. உங்கட நாக்கைக் கராஜில குடுத்துப் பாருங்க."

சிரித்துக்கொண்டு எழும்பினார். போகும்போது இறப்பர்க் குழாயையும் மேசையில் விட்டுப்போனார். "கிடக்கட்டும், ஒண்டும் தின்னாது."

அன்று மாலையே தாங்கிக்குள் கள்ளு வினாகிரியும் துருவைச் சுரண்ட இரண்டு கைப்பிடி இரும்பு நட்டுகளும் போட்டு, வாயை அடைத்து, நானும் அப்பாவும் சாக்கின்மேல் வைத்துப் புரட்டத் தொடங்கினோம். செவ்வாய் மத்தியானம் ஊற்றியபோது கறுத்த கோப்பி மாதிரி வந்தது. போன் வெளிச்சத்தில் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு. இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு விட்டேன்.

கிணற்றில் அள்ளி அள்ளி ஏழு தரம் அலசினேன். எங்கள் கிணறு வாவிப் பக்கம் இருந்தாலும் நல்ல தண்ணீர் என்று ஊருக்கே பேர். குழாய் இணைப்புக் கொடுக்க வந்தவர்களை அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பினார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

தாங்கியை வெயிலில் கவிழ்த்துவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்து வந்து உள்ளே பார்த்தேன். செம்மஞ்சள். அடியிலிருந்து மூலை வரைக்கும். ஈர இரும்பில் கொஞ்சம் துரு படியும், அது எனக்குத் தெரியும். இது கொஞ்சம் அல்ல. வெளியே, கறுப்புப் பெயின்ரில் தண்ணீர் வழிந்த கோடெல்லாம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

குசினிக்கு ஓடி, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் குழாயில் ஒரு செம்பு பிடித்துக் குடித்துவிட்டு வந்து, திரும்பவும் எங்கள் தண்ணீரைக் குடித்தேன். இப்போது தெரிந்தது. மழை பிந்திய இந்த வருடம் வாவியின் உப்புத் தண்ணீர் மண்ணுக்குள்ளால் வந்து கிணற்றுக்குள் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் எங்கள் மூன்று நாக்குகளும் பழகிவிட்டன.

அம்மாவின் கட்டிலடியில் ஒரு போத்தல் நின்றது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நான் பேனையால் கோடு போட்ட போத்தல். தினமும் காலையில் நானே அளந்து ஊற்றினேன். சோறும் அதே தண்ணீரில்தான் வெந்தது.

"அப்பா, கிணறு உப்பாப் போச்சு."

அவர் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார். "நல்ல தண்ணிதானே, மகள்." இரண்டாம் தரமும் குடித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், அப்படியே கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார்.

இருக்க நேரமில்லை. மீண்டும் வினாகிரி, மீண்டும் நட்டுகள், விடியுமட்டும் புரட்டல். புதன் காலை பக்கத்து வீட்டுக் குழாயில் இருபத்திரண்டு வாளி சுமந்து கழுவினேன். காய்ந்து, சீலர் ஊற்ற இரண்டு மணியாகிவிட்டது. சுவரெல்லாம் பிடிக்கும்படி ஐந்து நிமிசத்துக்கொரு தரம் தாங்கியைத் திருப்பினோம். அப்பா திருப்பும்போதெல்லாம் உதடு அசைந்தது. மாமாங்கேஸ்வரரைக் கூப்பிட்டாரோ, கிணற்றைத் திட்டினாரோ தெரியாது.

அன்று பொழுதுபடும்போது அம்மாவால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி இருத்தினோம். மூச்சுக்குள் தண்ணீர் கொதிக்கும் சத்தம். அம்புலன்சைக் கூப்பிட்டேன். வெளியே போயிருக்கிறது, வந்தால் அனுப்புவோம் என்றார்கள். விடியும்வரை வரவில்லை.

வியாழன் விடிய தாங்கிக்குள் விரலை விட்டேன். சீலர் பலாப்பால் மாதிரி ஒட்டியது. இதில் பெற்றோல் ஊற்றினால் கரைந்துபோய் பம்பையும் அடைக்கும்.

நான் ஒன்றும் சொல்லமுதல் அப்பா மேசையிலிருந்த இறப்பர்க் குழாயை எடுத்தார்.

கலனை முன்சீற்றில் என் கால்களுக்கு நடுவே வைத்து, குழாயை அடித்தட்டுத் துவாரத்தால் பம்பிற்கு விட்டோம். நாலு கண்ணாடியும் இறக்கினோம். அம்மாவைத் தூக்கிப் பின்னால் சாய்த்தோம். அப்பா சாவியைத் திருப்பினார். பம்பு டக் டக் டக் என்று வெறும் காற்றை அடித்தது. அது வேகம் குறைந்து நின்றால்தான் பெற்றோல் வந்தது என்று அர்த்தம். எவ்வளவு நேரம் அடித்ததென்று தெரியாது. குறைந்தது. நின்றது. கார் உறுமியது.

ஆரையம்பதி தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "தண்ணி."

குழாய்த் தண்ணீரில் ஒரு மூடி அளந்து நீட்டினேன். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சப்பெண்டு கிடக்கு."

"ம்."

"இப்ப சொல்லு கா, புள்ள. ஆர் கருவாடு திண்டது?"

மூடியை வாங்கிப் போத்தலில் திருகினேன். அம்மா சிரிக்கப் பார்த்து இருமினார்.

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது பம்பு மறுபடி வேகமாக அடிக்கத் தொடங்கியது. கலனில் பெற்றோல் அடிக்குப் போயிருந்தது. கலனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, குழாயின் நுனி மூழ்கும்படி சரித்துப் பிடித்தேன். சிந்திய பெற்றோல் சட்டையை நனைத்து வயிற்றில் காந்தியது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, றோட்டைத்தான் பார்த்தார். பின்னால் அம்மாவின் மூச்சு, முன்னால் பம்பு. எது முதலில் நிற்கும் என்று நான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பம்பு நின்றது. கார் ஓடியது.

சக்கரக் கட்டிலில் ஏற்றும்போது அதே தாதி நின்றார். அம்மாவின் வீங்கிய காலில் விரலை அழுத்தினார். குழி அப்படியே நின்றது. பெற்றோல் மணத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உண்மையச் சொல்லுங்க. உப்புக் குடுத்தீங்களோ?"

"ஓம்," என்றேன். "நான்தான் குடுத்தனான்."