சிவப்பு லைட்டும் அதிரசப் பாகும்

"மொதலாளி, மிசின போடப் போறீங்களா இல்லையா? அங்க பாகு கொதிக்குது!"

"கத்தாத ராக்காயி. செவப்பு லைட்டு எரியுதுல்ல? அணையட்டும்."

"ஒங்க லைட்டு அணையிறதுக்குள்ள மாப்பிள்ள வீட்டுக்காரங்க மனசே மாறிரும்!"

தலவாக்கலை பஜாரில் நாகலிங்கத்தின் மில்லிலிருந்து வந்த இந்தச் சத்தத்தில், எதிர்க்கடையில் ஊக்கு வாங்கிக்கொண்டிருந்த நான் ஊக்கை விட்டுவிட்டு வந்து நின்றேன். என்னை மட்டும் சொல்லக் கூடாது, பாதி பஜார் அங்கேதான் நின்றது. மறுநாள் ராக்காயி மகள் கிருஷாந்திக்குப் பரிசம். மாவு இன்றைக்கே பாகில் விழுந்து ஊறினால்தான் நாளைக்கு அதிரசம் சுடலாம். உடப்புசல்லாவையிலிருந்து வருகிற மாப்பிள்ளையின் அம்மா, தட்டில் ஒன்று குறைந்தாலும் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுகிற ஆள். நான் விசாரித்து வைத்திருக்கிறேன்.

ஈர அரிசி பாதி அரைபட்டிருந்தபோது மில் நின்றது. கரண்டு போகவில்லை, நாகலிங்கமேதான் நிறுத்தினார். நாடு பூராவும் ஓடுகிற கரண்டு செக்கனுக்கு ஐம்பது தடவை துடிக்க வேண்டுமாம். சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் துடிப்பு இறங்கிவிடுமாம். அப்போது மீட்டருக்குப் பக்கத்துப் பெட்டியில் சிவப்பு லைட் எரியும். உடனே இழுவையைக் குறைத்தால் பில்லில் நல்ல கழிவு. ஒரு தடவை தவறினாலும் அந்த மாதக் கழிவு போச்சு. அன்றைக்கு மாதக் கடைசி. நாகலிங்கம் அந்தப் பெட்டியைச் சாமி படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராக்காயியின் போன் அடித்தது. வீடியோவில் கிருஷாந்தியின் முகத்துக்குப் பதில் பாகுச் சட்டி தெரிந்தது. "அம்மா, பதம் வந்துருச்சு! இன்னும் கொஞ்சம் போனா கல்லாயிரும்!"

ராக்காயி போனை நாகலிங்கத்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நல்லா பாருங்க மொதலாளி."

அவருக்கு வேர்த்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையிலிருந்து பணிஸ் ரொட்டி வேகிற வாசம் வந்தது. அது அவர் மனைவி யோகேஸ்வரியின் பேக்கரி.

"அந்தப் பெட்டி மில்ல மட்டுந்தான் பாக்குமா?" என்றாள் ராக்காயி.

"ரெண்டுக்கும் ஒரே மீட்டருதான். பணிஸ் சுடுற கரண்டு போறணை மில்ல விட ஜாஸ்தி இழுக்கும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப போறணைய அணைச்சிட்டு மில்ல போடுங்களேன்!"

"அத யாரு போயி சொல்றது?"

இத்தனை மாதமாக லைட் எரியும்போதெல்லாம் மில் மட்டுமே நின்ற காரணம் பஜாருக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்புச் சத்தத்தில் யோகேஸ்வரி மாவுக் கையோடு வெளியே வந்தார்.

"ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? நான் என்ன புலியா?"

நாகலிங்கம் மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். யோகேஸ்வரி போனில் பாகை ஒரு பார்வை பார்த்தார். "ஏய் கிருஷாந்தி, சட்டிய எறக்குடி! மாவு வருது." உள்ளே போய்ப் போறணையை அணைத்தார். மில் உறுமியது. ராக்காயி மாவைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பறந்தாள்.

அன்றைய பணிஸ் எல்லாம் சப்பையாகிவிட்டது. அதிரசம் மட்டும் மறுநாள் பொன்னாக வந்தது. மாப்பிள்ளையின் அம்மா தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சொல்வதற்கு ஒன்றும் அகப்படாமல் தின்ன ஆரம்பித்தாள்.

தை மாதம் கிருஷாந்தி கல்யாணமாகி உடப்புசல்லாவைக்குப் போனாள். வேன் பஜாரில் நின்றபோது யோகேஸ்வரி சூடான பணிஸ் ஒரு பை நிறைய ஜன்னல் வழியாகக் கொடுத்தார். ஜன்னலை இன்னும் மூடவில்லை, தூறல் உள்ளே அடித்தது. மாமியார்க்காரி பட்டு முந்தானையை இழுத்து அவசரமாக மூடினாள், பணிஸ் பையை. பக்கத்தில் புது மருமகள் நனைந்துகொண்டே சிரித்தாள்.