நஸ்லாவின் பெயரில் வந்த துண்டு

யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம், என் அண்ணன் முஹ்ஸின் நானா எங்கள் பள்ளிவாசலுக்கு ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தார். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் கற்பிட்டி, மதுரங்குளி, கட்டார் என்று சிதறிக் கிடந்தார்கள். யாராவது மௌத்தானால் இறப்புச் செய்தி பிந்தித்தான் வரும். இனி மின்னஞ்சல் அனுப்பினால் போதும். நானாவின் கடையில் இருந்த கணினி அதை வாங்கி, ‘ஜனாஸா அறிவித்தல்’ என்று தலைப்புப் போட்டு, பெயரையும் ஊரையும் ஒரு துண்டில் அச்சடித்துவிடும். பாங்கு சொல்லும் முஅத்தின் ஜபார் நானா அதைப் பள்ளி ஒலிபெருக்கியில் வாசிப்பார்.

ஒரு நாள் நானா வெளியே போயிருக்க, கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். அச்சான துண்டை எடுக்க வந்து, அதைக் கிழித்துப் பார்த்த ஜபார் நானாவின் முகம் வாடிவிட்டது.

“பளீலாட மகள் நஸ்லா. புள்ளப்பேறுக்கு இருந்தவ,” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு நடந்தார்.

பளீலா மாமி எங்களுக்கு அடுத்த வீடு. போன் பழுதாகி நாலு நாளாக, கட்டாரிலிருக்கும் மகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தா.

அவர் போன பிறகுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. மின்னஞ்சல் கடிதத்தில் மௌத்தானவரின் பெயர் இல்லையென்றால், அந்த மென்பொருள், அனுப்பியவரின் பெயரையே போட்டுவிடும். அப்படியென்றால் எழுதியது எனக்கு அக்கா முறையான நஸ்லா தாத்தாதான்.

கடிதத்தைத் திறந்தேன்.

“உம்மாட போன் வேலை செய்யுதில்ல. வாப்பா மௌத்தான நேரம் தந்த இந்த விலாசந்தான் என்னட்ட இருக்கு. பொம்புளப் புள்ள கிடைச்சிருக்கு. ரெண்டு பேரும் சுகம். உம்மாட்டச் சொல்லுங்க.”

ஓடினேன். ஒலிபெருக்கி கரகரக்கத் தொடங்கியிருந்தது. ஆம்பிளைகள் நிற்கும் இடத்தில் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. பள்ளி மதிலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“ஜபார் நானா, வாசிக்காதீங்க. அவ உசிரோட இருக்கா. புள்ள கிடைச்சிருக்கு.”

கரகரப்பு நின்றது. ஜபார் நானா வாசலுக்கு வந்தார். மாமியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்க என்றேன்.

“நான் ஒரு வீட்டுப் படியேறினாலே ஆரோ மௌத்து எண்டு சனம் அழும்,” என்றார். “நீ போ மகள்.”

மாமி முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. நான் கடிதத்தை மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஈரக் கையோடேயே என் கன்னத்தைத் தடவினா.

“புள்ளைக்கு முடி இருக்காமா?”

கடிதத்தில் முடியைப் பற்றி ஒன்றுமில்லை.

“ஓம் மாமி,” என்றேன். “நிறைய இருக்காம்.”